குறி காலில் தொடங்குகிறது

மலேசியாவின் சுங்கை சிப்புட், தாப்பா, பீடோர் போன்ற தோட்டத்துப் பட்டணங்களில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள், அதாவது பத்து மீட்டர் தூரத்து இலக்கைக் காற்றுத் துப்பாக்கியால் சுடும் விளையாட்டைக் கற்க நினைக்கும் பிள்ளைக்கு முதலில் கிடைக்கிற ஆசிரியர் கைப்பேசிதான். நாட்டின் பெரிய ரேஞ்சுகளில் (துப்பாக்கி சுடும் இடங்களில்) ஒன்று சுபாங்கில் இருக்கிறது. 1998 காமன்வெல்த் போட்டிக்காகக் கட்டப்பட்ட இன்னொன்று லங்காவியில். கிளப் நடத்தும் வகுப்புக்குப் போவதென்றால், செம்பனைக் குலை வெட்டிக் களைத்து வரும் அப்பாவின் ஓய்வு நாளும் காரும் ஒத்துவர வேண்டும். ஆக மாதத்தில் ஓரிரு முறைதான் துப்பாக்கி கைக்கு வரும். மற்ற நாளெல்லாம் யூடியூப்.

இப்படிக் கற்பதில் குறையொன்றுமில்லை. எதை வீடியோவில் கற்கலாம், எதற்கு வகுப்பில் இன்னொருவர் கண் வேண்டும், எதைத் துப்பாக்கியே இல்லாமல் வீட்டு வாசலில் பழகலாம் என்ற பிரிப்பு மட்டும் முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாத பிள்ளைக்குக் கண் ஓடிவிடும், உடல் பின்தங்கிவிடும். எல்லாச் சொற்களும் தெரிந்திருக்கும். ரேஞ்சில் நின்றால் பெல்லட் (சிறிய ஈயக் குண்டு) இலக்கு அட்டையின் கறுப்பு வட்டத்துக்கு வெளியே போகும்.

முதலில் சட்டம். மலேசியாவின் 1960ஆம் ஆண்டு சுடும் ஆயுதச் சட்டம் காற்றுத் துப்பாக்கியையும் ஆயுதமாகவே கணக்கிடுகிறது. அமெரிக்க வீடியோவில் ஒரு பையன் வீட்டுக் கொல்லையில் ஏர் ரைஃபிள் வைத்துக்கொண்டு டப்பாவைச் சுடுவதைப் பார்த்துவிட்டு, இங்கே இணையத்தில் ஒன்றை வாங்கித் தபாலில் வரவழைப்பது குற்றம். போலீஸ் கொடுக்கும் லைசன்ஸ் இல்லாமல் வைத்திருக்கக்கூடாது. அசல் போலத் தோன்றும் போலித் துப்பாக்கியும் அதே சட்டத்தின் பார்வைக்குள் வரும். விளையாட்டுச் சாமான் என்று விற்கப்படும் ஜெல் பிளாஸ்டரை வைத்துப் பயிற்சி செய்யலாம் என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். புதிதாகக் கற்பவர் எதையும் வாங்கத் தேவையில்லை. கிளப்பின் துப்பாக்கி கிளப்பின் ஆயுத அறையில் இருக்கும், ரேஞ்ச் அதிகாரியின் பொறுப்பில் வெளியே வரும், பயிற்சி முடிந்ததும் உள்ளே போகும். வாங்கும் யோசனையை ஓராண்டாவது தள்ளிப்போடுங்கள். அதற்குள் உங்கள் உடலின் அளவும் பழக்கமும் உங்களுக்கே தெரிந்துவிடும். எந்தத் துப்பாக்கி பொருந்தும் என்ற கேள்விக்குப் பாதி விடை அதிலேயே இருக்கிறது.

அடுத்து, எந்த வீடியோ? ‘ரைஃபிள் சுடும் முறை’ என்று தேடினால் ராணுவப் பாணி, வேட்டை, நெடுந்தூரச் சுடுதல், ஒலிம்பிக் பாணி எல்லாம் கலந்து வரும். பாதுகாப்பு விதிகள் மட்டும் இவை எல்லாவற்றுக்கும் ஒன்றே. மற்றதெல்லாம் வேறு வேறு. ராணுவப் பாணியில் தோளை முன்னே தள்ளி, முழங்காலை மடக்கி, துப்பாக்கியை இறுக்கிப் பிடிக்கச் சொல்வார்கள். உதைப்பைத் தாங்கி உடனே அடுத்த தோட்டாவைச் சுடுவதற்கான நிலை அது. 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் உதைப்பு ஏறக்குறைய இல்லை, அவசரமும் இல்லை. 60 சுடுதலுக்கு 75 நிமிடம். சராசரி ஒன்றேகால் நிமிடத்துக்கு ஒன்று. அங்கே கற்ற இறுக்கத்தை இங்கே கொண்டுவந்தால் தசை நடுங்கும், குறி ஆடும்.

உலகத் துப்பாக்கிச் சுடுதல் சம்மேளனமான ஐ.எஸ்.எஸ்.எஃப்-இன் யூடியூப் பக்கத்தில் உலகக் கிண்ண இறுதிச்சுற்றுகளைப் பார்க்கலாம். 2008 பெய்ஜிங்கில் தங்கம் வென்ற அபினவ் பிந்த்ராவையும், கடலூரில் பிறந்து 2019இல் ரியோ உலகக் கிண்ணத்தில் தங்கம் வென்ற இளவேனில் வாலறிவனையும் நம் பிள்ளைகள் ஆர்வத்தோடு தேடிப் பார்க்கட்டும். பார்க்கும்போது ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள். இறுதிச்சுற்றில் ஒற்றைச் சுடுதலுக்குக் கிடைப்பது 50 விநாடி. அது போட்டியின் கடைசிக் கட்டத்து வேகம். அதைத் தங்கள் பயிற்சியின் வேகமாக எடுத்துக்கொள்ளும் பிள்ளைகள் துப்பாக்கியைத் தூக்கியதும் சுட்டுவிடுகிறார்கள். இறுதிச்சுற்றில் கவனிக்க வேண்டியவை வேறு: துப்பாக்கியைத் தூக்கும் முன் கால்களை எத்தனை முறை சரிபார்க்கிறார், தலை எப்போது கன்னத்தாங்கியில் இறங்குகிறது, சுட்ட பிறகு எவ்வளவு நேரம் அசையாமல் இருக்கிறார், சுடாமலே எத்தனை முறை இறக்கி வைக்கிறார். கடைசியாகச் சொன்னதுதான் வீடியோ தரும் மிகப் பெரிய பாடம் என்பது என் கருத்து. உலகத் தரத்தில் இருப்பவரே பிடிக்காத சுடுதலை விட்டுவிடுகிறார்.

இலக்கின் அளவைத் தெரிந்துகொண்டால் இந்தப் பொறுமையின் காரணம் விளங்கும். 10 மீட்டர் ஏர் ரைஃபிள் அட்டையில் வெளி வளையத்தின் விட்டம் 45.5 மில்லிமீட்டர். கறுப்புப் பகுதி 30.5 மில்லிமீட்டர். நடுவிலுள்ள பத்து மதிப்பெண் இடம் வெறும் புள்ளி, 0.5 மில்லிமீட்டர். பெல்லட்டின் விட்டம் 4.5 மில்லிமீட்டர், பத்தைவிட அதைத் துளைக்கும் ஈயமே பெரிது. ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 2.5 மில்லிமீட்டர். குழாயின் மேல் குறிபார்க்க உள்ள முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் முக்கால் மீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொண்டால், முன் சைட்டில் 0.2 மில்லிமீட்டர் பிசகு அட்டையில் இரண்டரை மில்லிமீட்டரைத் தாண்டிவிடும், அதாவது ஒரு முழு வளையம். மூச்சு நெஞ்சை அசைப்பதும் நாடித் துடிப்பு ஜாக்கெட்டை அசைப்பதும் இந்த அளவுக்கு மேலே உள்ளவை. கையால் இதை அடக்க முடியாது. எலும்புதான் தாங்க வேண்டும்.

இங்கேதான் கால் வருகிறது. நின்று சுடும் நிலையை வலக்கைக்காரருக்குச் சொல்கிறேன், இடக்கைக்காரர் திருப்பிக்கொள்ளலாம். உடலின் இடப்பக்கம் இலக்கை நோக்கி இருக்க, பாதங்கள் தோளகலத்தில், இரண்டிலும் ஏறக்குறைய சம பாரம். முழங்கால் நேராக, ஆனால் பின்னோக்கிப் பூட்டிக்கொள்ளாமல். இடுப்பு இலக்கின் பக்கமாகச் சற்றே நகர வேண்டும். துப்பாக்கி உடலுக்கு முன்னே நாலு முதல் ஐந்தரை கிலோ பாரத்தை வைக்கிறது (விதிப்படி உச்ச அளவு 5.5 கிலோ), அதை ஈடுகட்ட மேலுடல் கொஞ்சம் பின்னே சாயும். இடது முழங்கை இடுப்பெலும்பின் மேல்விளிம்பில், அல்லது அதற்குச் சற்று முன்னே உட்கார வேண்டும். கை குட்டையானவர்களுக்கு அது விலா எலும்பின் கீழ்ப்பக்கத்தில் போய் நிற்கும், அதுவும் சரிதான். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை செங்குத்தாக நின்றால் துப்பாக்கியின் பாரம் முன்கை எலும்பு வழியே இடுப்புக்கும், இடுப்பிலிருந்து இடது காலுக்கும் இறங்கும். புஜம் ஓய்வாக இருக்கும்.

தலை நேராக நிற்க வேண்டும். துப்பாக்கியைக் கன்னத்துக்குக் கொண்டுவருவதே முறை. கன்னத்தைத் துப்பாக்கிக்குக் கொண்டுபோனால் கழுத்து சாயும். கழுத்து சாய்ந்தால் காதுக்குள்ளிருக்கும் சமநிலை உறுப்பு குழம்பும், கண் புருவத்தடியிலிருந்து எட்டிப் பார்க்க வேண்டிவரும். துப்பாக்கியின் அடித்தட்டு ஒவ்வொரு முறையும் தோளில் ஒரே இடத்தில் படவேண்டும். வலக்கை மூன்று விரலால் மிதமாகப் பிடிக்கும். அந்தப் பிடி முதல் சுடுதலில் எவ்வளவோ அறுபதாவதிலும் அவ்வளவே இருக்க வேண்டும்.

இதை எத்தனை முறை வீடியோவில் பார்த்தாலும் முழங்கை எலும்பில் உட்கார்ந்ததா, தசையில் தொங்குகிறதா என்று திரை சொல்லாது. இரண்டும் வெளியே ஒன்றுபோலவே தெரியும். பக்கத்தில் நிற்கும் பயிற்றுநர் இடது தோளில் விரலை வைத்துப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்: தோள் கல்லாக இருந்தால் முழங்கை தொங்குகிறது. லண்டன் 2012 ஒலிம்பிக்கில் மலேசியாவின் நூர் சுரியானி முகமட் தைபி எட்டு மாதக் கர்ப்பிணியாக 10 மீட்டர் ஏர் ரைஃபிள் சுட்டார். வயிறு மாறினால் உடலின் பாரம் விழும் புள்ளியும் மாறும். நிற்கும் நிலை என்பது அந்தந்த உடலுக்கு அளவெடுத்துத் தைக்கும் சட்டைதான். வீரர் ஒருவரின் நிலையை அப்படியே எடுத்து நம் பிள்ளைமேல் போர்த்த முடியாது.

வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சி இதைத் தொட்டதே. துப்பாக்கி மாதிரி ஒன்றும் வேண்டாம். ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் போத்தல் போதும். சுவருக்குப் பக்கவாட்டில் நின்று, மேலே சொன்னபடி கால் வைத்து, முழங்கையை இடுப்பெலும்பில் ஊன்றி, இடது முஷ்டிமேல் போத்தலை நிற்க வைத்து 30 விநாடி. ஒரு நிமிடம் ஓய்வு. பத்து முறை. இடுப்பிலும் காலிலும் பாரம் தெரிந்தால் சரி. தோளும் புஜமும் வலித்தால் முழங்கை இடம் மாறியிருக்கிறது. இதைச் சரியாகச் செய்யும் பிள்ளை, மாதம் ஒருமுறை ரேஞ்சுக்குப் போனாலும், போன முதல் பத்து நிமிடத்தை நிற்கக் கற்பதில் செலவழிக்க வேண்டியிருக்காது. கூடவே, கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்கும் பயிற்சி. ஒரு காலுக்கு அரை நிமிடம் தாக்குப்பிடிப்பது ஆரம்பத்துக்கு நல்ல அளவு.

ரேஞ்சில் கற்க வேண்டியவற்றுள் தலையாயது, உடலின் இயல்பான குறியைக் கண்டுபிடிப்பது. துப்பாக்கியைத் தூக்கி இலக்கில் வையுங்கள். கண்ணை மூடுங்கள். இரண்டு மூன்று மூச்சு நிதானமாக விட்டு, தோளைத் தளர்த்துங்கள். கண்ணைத் திறந்தால் சைட் எங்கே நிற்கிறதோ அதுதான் உங்கள் உடல் இயல்பாகச் சுட்டும் இடம். பெரும்பாலும் அது இலக்கில் இருக்காது. பக்கத்து லேனின் அட்டையில்கூட நிற்கும். அப்போது கையால் துப்பாக்கியை இழுத்து நடுவுக்குக் கொண்டுவருவதுதான் கற்பவர் எல்லாருடைய முதல் எண்ணம். இழுத்துப் பிடித்த தசை ட்ரிகர் அழுத்தும் கணத்தில் தளர்ந்து துப்பாக்கியைப் பழைய இடத்துக்கே கொண்டுபோய்விடும். ‘தம்பி, கையைத் தொடாதே, பின்னங்காலை நகர்த்து’ என்று நல்ல பயிற்றுநர் ஓயாமல் சொல்வது இதற்காகத்தான். சைட் வலப்பக்கம் நின்றாலும் இடப்பக்கம் நின்றாலும், முன்காலை அச்சாக வைத்துப் பின்னங்காலைக் கொஞ்சம் கொஞ்சமாக, குதிகால் அளவில் நகர்த்துங்கள். மேலேயோ கீழேயோ நின்றால் இடக்கையின் இடத்தை முன்பின்னாக மாற்றுங்கள், இல்லையென்றால் அடித்தட்டை ஏற்றி இறக்குங்கள். மறுபடி கண்ணை மூடுங்கள். கண்ணைத் திறக்கும்போது கறுப்பு வட்டம் சைட்டுக்குள்ளேயே இருக்கும்வரை செய்யுங்கள். சரியானதும் தரையில் பாதத்தின் நுனியைச் சாக்பீஸால் குறித்துக்கொள்ளலாம், ரேஞ்ச் அனுமதித்தால்.

இந்த ஒன்றுக்கு வகுப்பு நேரத்தில் பாதியைக் கொடுத்தாலும் தகும். ஒவ்வொரு பத்துச் சுடுதலுக்குப் பிறகும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும், ஏனென்றால் களைப்பில் இடுப்பு மெல்ல நகரும். நகர்வது சுடுபவருக்குத் தெரியாது.

கண்ணைப் பற்றிச் சுருக்கமாக. எந்தக் கண் முதன்மைக் கண் என்று தெரிந்துகொள்ள, இரு கைகளையும் நீட்டி உள்ளங்கைகளுக்கிடையே சின்ன இடைவெளி விட்டு, தூரத்து விளக்குக் கம்பத்தைப் பாருங்கள். ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணை மூடினால், கம்பம் இடைவெளியிலேயே தெரியும் கண்தான் முதன்மை. அந்தக் கண் பக்கமே துப்பாக்கி நல்லது. இன்னொரு கண்ணை இறுக்கி மூடாதீர்கள். முகத்தசை இழுத்துக் குறிக்கண்ணும் சுருங்கும். பின் சைட்டில் மங்கலான வெள்ளைத் தடுப்பு ஒன்றை மாட்டுங்கள். கறுப்புத் தடுப்பு வேண்டாம். ஒரு கண் இருட்டைப் பார்த்தால் இரண்டின் பாவையும் விரியும். கண்ணாடி போடும் பிள்ளைகளுக்கு ஒரு சிக்கல் உண்டு: தலை திரும்பியிருப்பதால் சாதாரணக் கண்ணாடியின் மூக்கோரத்து விளிம்பு வழியே பார்க்க நேரும். காட்சி மங்கும், சைட் சாய்ந்து தெரியும். சுடுவோருக்கான கண்ணாடியில் வில்லையைப் பார்வைக்கோட்டுக்கு நேராகத் திருப்பலாம். பார்வையின் கூர்மை முன் சைட் வளையத்தில் இருக்கட்டும். கறுப்பு வட்டம் சற்று மங்கலாகத் தெரிவதே சரி. வளையத்துக்கும் கறுப்புக்கும் நடுவே தெளிவான வெள்ளை விளிம்பு வேண்டும். புதியவர்கள் சிறிய வளையம் போட்டால் குறி கூர்மையாகும் என்று நினைக்கிறார்கள். வெள்ளை விளிம்பு மெலிந்தால் ஆட்டம் பெரிதாகத் தெரிந்து மனம் பதறும். பெரிய வளையத்திலேயே தொடங்குங்கள்.

இனி ஒரு சுடுதலின் ஓட்டம். பெல்லட் போட்டு, துப்பாக்கியைத் தூக்கி, கன்னம் இறங்கி, மூச்சு இரண்டு. மூச்சை முழுக்க வெளியேற்றாமல், இயல்பாக விட்டு முடிந்த இடத்தில் நிறுத்துங்கள். சைட் மேலிருந்து கறுப்புக்குள் இறங்கும்போது ட்ரிகரின் முதல் கட்டம் எடுத்திருக்க வேண்டும். இரண்டு கட்ட ட்ரிகரில் முதல் கட்டம் லேசாக நகரும், பிறகு ஒரு தடை தட்டும். அந்தத் தடையில்தான் உண்மையான அழுத்தம். விரல்நுனியின் சதைப்பகுதி, நேராகப் பின்னோக்கி. சைட் முழுக்க நிற்கும்வரை காத்திருந்து ‘இப்போது’ என்று இழுப்பதே கெடுக்கும். சைட் ஒருபோதும் முழுக்க நிற்காது. ஆட்டம் சிறிதாகி நடுவில் அமைதியாகும் நேரத்தில் அழுத்தம் கூடிக்கொண்டே போகட்டும். மூச்சு நிறுத்தியதிலிருந்து ஆறு முதல் எட்டு விநாடிக்குள் சுடுதல் நடக்க வேண்டும். அதற்குமேல் போனால் கண்ணில் காட்சி உறையத் தொடங்கும். பழைய பிம்பத்தையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள், துப்பாக்கி வேறெங்கோ போயிருக்கும். பத்து விநாடி ஆனால் இறக்கி வையுங்கள்.

சுட்ட பிறகு ஒன்றிரண்டு விநாடி அப்படியே இருங்கள். போட்டித் துப்பாக்கியில் பெல்லட் விநாடிக்கு 170 மீட்டரளவு வேகத்தில் போகிறது. குழாயைவிட்டு வெளியேறவே விநாடியில் ஆயிரத்தில் சில பங்கு ஆகும். அந்த நேரத்தில், பெல்லட் விழுந்த இடத்தைக் காட்டும் மானிட்டரைப் பார்க்கத் தலையைத் தூக்கினால் குழாயும் அசையும். மானிட்டரைப் பார்க்கும் முன், பெல்லட் எங்கே போயிருக்கும் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்: ‘ஒன்பது, வலப்பக்கம்.’ சொன்னதும் விழுந்ததும் ஒத்துப்போனால் கண் சரியாகப் பார்க்கிறது. சொன்னது நடு, விழுந்தது ஓரம் என்று திரும்பத் திரும்ப வந்தால் ட்ரிகரிலோ, சுட்ட பின் அசைவதிலோ, சைட் அளவிலோ பிசகு.

அட்டையில் விழும் துளைகளின் உருவம் பேசும். ஆனால் ஐந்து சுடுதலாவது வேண்டும். ஒற்றைத் துளையைப் பார்த்து எதையும் மாற்றாதீர்கள். துளைகள் நெருக்கமாக ஒரு மூலையில் இருந்தால் சுடுபவர் நன்றாகச் சுடுகிறார், சைட்டைத் திருப்பினால் போதும். கிடைமட்டமாக நீண்டால், பெரும்பாலும் இயல்பான குறி பிசகியிருக்கிறது, அல்லது விரல் ட்ரிகரைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. மேலும் கீழுமாக நீண்டால் மூச்சு ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் நிற்கிறது. அடித்தட்டு தோளில் இடம் மாறினாலும் இதே உருவம் வரும். வலப்பக்கமும் கீழுமாகச் சரிந்தால் துப்பாக்கி வலப்பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள், ஏனென்றால் சைட் குழாய்க்கு மேலே இருப்பதால் துப்பாக்கி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமும் கீழுமாகப் பெல்லட் போகும். எங்கும் சிதறிக் கிடந்தால் இவை எல்லாவற்றையும் விட்டுவிட்டு, ஸ்டாண்டில் துப்பாக்கியைத் தாங்க வைத்துச் சுடுங்கள். தாங்கியிலும் சிதறினால் பெல்லட்டையோ துப்பாக்கியையோ பார்க்க வேண்டும். தாங்கியில் ஒட்டிக்கொண்டு விழுந்தால் நிலையைத் திருத்த வேண்டும்.

சைட் திருப்புவதில் ஏறக்குறைய எல்லாரும் ஒருமுறை தடுமாறுவார்கள். சில சைட்டுகளில் உள்ள அம்பும் எழுத்தும் ‘பெல்லட் இந்தப் பக்கம் விழுந்தால் இப்படித் திருப்பு’ என்று சொல்கின்றன. வேறு சிலவற்றில் ‘இப்படித் திருப்பினால் பெல்லட் இந்தப் பக்கம் போகும்’ என்று பொருள். வீடியோவில் பார்த்ததை வேறொரு துப்பாக்கியில் செய்தால் பிசகு இருமடங்காகும். தாங்கியில் ஐந்து சுட்டு, சைட்டின் திருகை ஒரு திசையில் இருபது கிளிக் திருப்பி, இன்னும் ஐந்து சுடுங்கள். இரண்டு குழுவின் நடுப்புள்ளிகளுக்கிடையே உள்ள தூரத்தை அளந்து இருபதால் வகுத்தால் ஒரு கிளிக்கின் மதிப்பு கிடைக்கும், திசையும் தெரிந்துவிடும். துப்பாக்கியின் வரிசை எண்ணோடு நோட்டில் எழுதி வையுங்கள். கிளப் துப்பாக்கி அடுத்த முறை வேறொருவர் கைப்பட்டு வரும்.

நம் வட்டாரத்தில் இன்னொரு பழக்கமும் குறுக்கே வரும். காட்டுப்பன்றிக்காக லைசன்ஸோடு ஷாட்கன் வைத்திருக்கும் மாமாவோ தாத்தாவோ பிள்ளைக்கு அன்போடு சொல்லிக் கொடுப்பார்கள். ஷாட்கன் ஓடும் இலக்குக்கு. இரு கண்ணும் திறந்து, குழாயை ஓட்டத்தோடு ஓட்டி, பட்டென்று சுடுவது. அதன் ட்ரிகர் இரண்டு கிலோ அளவுக்கு இழுக்கும். போட்டி ஏர் ரைஃபிளின் ட்ரிகர் 100 கிராம் அளவில் இருக்கும். பட்டென்று இழுத்தால் நினைப்பதற்குள் சுட்டுவிடும். மூத்தவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அவர்கள் குழாயை எங்கே வைத்து நடக்கிறார்கள் என்பதை. அந்த ஒழுக்கம் எல்லாத் துப்பாக்கிக்கும் ஒன்றே: எந்தத் துப்பாக்கியும் நிறைந்திருப்பதாகவே நினை, சுடக்கூடாத எதன்மேலும் குழாயைத் திருப்பாதே, குறி அமையும்வரை விரல் ட்ரிகருக்கு வெளியே, இலக்கையும் அதற்கு அப்பால் இருப்பதையும் தெரிந்துகொள். ரேஞ்சில் இதனோடு பாதுகாப்புக் கொடியும் சேரும். சுடாத நேரத்தில் குழாயின் உள்ளறையில் அந்த ஆரஞ்சு நிறக் கம்பி தெரிய வேண்டும். ‘ஸ்டாப்’ என்ற குரல் வந்தால், ட்ரிகரில் முக்கால் அழுத்தம் போயிருந்தாலும் விரலை எடுத்துவிட வேண்டும். பெல்லட் சிக்கினால் குழாய் இலக்கைப் பார்த்தபடியே இருக்க, கையைத் தூக்கி அதிகாரியைக் கூப்பிடுங்கள்.

துப்பாக்கியின் வகை தெரியாமல் வீடியோவைப் பின்பற்றுவது துப்பாக்கியையும் கெடுக்கும். சுருள்வில் துப்பாக்கியை இறுக்கிப் பிடித்தால் அதன் உள்ளே பிஸ்டன் ஓடும் அதிர்வு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாகக் கையில் முட்டிப் பெல்லட் சிதறும். அது தளர்வாகப் பிடிக்க வேண்டிய துப்பாக்கி. பெல்லட் இல்லாமல் அதைச் சுடவும் கூடாது, பிஸ்டன் மோதி உடையும். பக்கத்திலுள்ள லீவரை இழுத்து ஏற்றும் வகையில் பெல்லட் போடும்போது லீவரை ஒரு கையால் பிடித்துக்கொண்டே இருங்கள். நழுவினால் விரல் போகும். காற்று உருளை வைத்த போட்டித் துப்பாக்கியில் வெறும் ட்ரிகர் பயிற்சிக்கென்றே தனி அமைப்பு உண்டு. அதில் காற்றுச் செலவாகாமல் எத்தனை முறையும் பழகலாம். ரேஞ்ச் நேரத்தில் பாதிக்கு மேல் இந்த வெறும் சுடுதலுக்குக் கொடுக்கும் பயிற்றுநரை நம்புங்கள்; பெல்லட் செலவு மிச்சம், ஒலிக்குப் பயந்து கண் சிமிட்டும் பழக்கமும் வராது.

காற்று உருளைகள் பெரும்பாலும் 200 பார் அழுத்தத்தில் நிறைபவை. மெதுவாக நிறைக்க வேண்டும், வேகமாக நிறைத்தால் சூடேறி அளவு பொய்யாகத் தெரியும். செல்லுபடி ஆண்டு உருளையில் பொறித்திருக்கும். அதைத் தாண்டியது போட்டியில் எடுபடாது, பயிற்சியிலும் வேண்டாம். மதிய வெயிலில் காருக்குள் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தோட்டத்துப் பட்டணத்தில் முக்குளிப்போர் பயன்படுத்தும் காற்றுச் சிலிண்டர் கிடைப்பது சிரமம், ஆனால் வெல்டிங் பட்டறையில் ஆக்சிஜன் சிலிண்டர் கண்ணெதிரே நிற்கும். அதிலிருந்து ஒருபோதும் நிறைக்கக்கூடாது. அழுத்தத்தில் உள்ள தூய ஆக்சிஜன், துப்பாக்கிக்குள் இருக்கும் எண்ணெய்ப் பசையோடு சேர்ந்தால் வெடிக்கும்.

ஜாக்கெட் பற்றி எல்லாரும் கேட்பார்கள். கனமான கேன்வாஸும் தோலும் சேர்ந்த ஜாக்கெட் முதுகைத் தாங்கும், நாடித் துடிப்பை மட்டுப்படுத்தும். நம் வெயிலில் அது அடுப்பும்தான். முதல் சில மாதங்கள் ஜாக்கெட் இல்லாமல், சாதாரணச் சட்டையோடு தட்டையான அடிப்பாகமுள்ள காலணியில் பழகச் சொல்வேன். எலும்பு எங்கே தாங்குகிறது என்று அப்போதுதான் உடம்புக்குத் தெரியும். பிறகு போடும்போது உள்ளே மெல்லிய பருத்தி, தலையில் வியர்வைப் பட்டை, பக்கத்தில் தண்ணீர். தண்ணீர் குடிக்கப் பின்னால் போய், சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான். பெல்லட் ஈயம், அந்தக் கையோடு நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரிப்பது கூடாது. ரேஞ்ச் தரையை உலர்ந்த துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத்துணியால் துடைப்பதும் இதே காரணத்துக்காக.

வகுப்பில் பணம் கட்டும் முன் சிலவற்றைக் கேளுங்கள். ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர்? நாலைந்துக்கு மேல் போனால் தோளைத் தொட்டுப் பார்க்க அவருக்கு நேரமிருக்காது. முதல் நாளிலேயே நின்று சுட வைப்பார்களா, தாங்கியில் தொடங்குவார்களா? தாங்கியே நல்லது. எண்களுள்ள அட்டையைத் திருப்பிப் போட்டு வெள்ளைப் பக்கத்தில் சுட வைப்பார்களா? அப்படிச் செய்தால், மதிப்பெண்ணை விட்டுச் செயலைப் பார்க்கக் கற்பிக்கிறார் என்று பொருள். பெண்பிள்ளைகளுக்கும் சின்ன உடம்புக்காரர்களுக்கும் நீளம் குறைக்கக்கூடிய அடித்தட்டுள்ள துப்பாக்கி இருக்கிறதா? நீளம் மிஞ்சினால் தலை முன்னே இழுபடும், மேலே சொன்ன எதுவும் நடக்காது.

கைப்பேசியைக் கடைசியாக ரேஞ்சிலும் பயன்படுத்துங்கள், அதிகாரியிடம் கேட்டு, சுடும் கோட்டுக்குப் பின்னாலிருந்து. இடுப்பு உயரத்தில் வைத்து, பின்பக்கத்திலிருந்து ஒன்று, மார்புப் பக்கத்திலிருந்து ஒன்று, பாதங்கள் மட்டும் தெரிய ஒன்று. ஒவ்வொன்றிலும் பத்துச் சுடுதல் முழுதாக வரட்டும். முதல் சுடுதலையும் பத்தாவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: இடுப்பு நகர்ந்ததா, தலை சாய்ந்ததா, குதிகால் திரும்பியதா. எந்தச் சுடுதல் எங்கே விழுந்தது என்ற குறிப்பையும் சேர்த்துப் பயிற்றுநருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால், அடுத்த வகுப்புக்கு வரும் முன்பே எந்தக் காலை எவ்வளவு நகர்த்த வேண்டும் என்று அவர் சொல்லிவிடுவார்.